காட்டுக்குப் போகலாமா? வனத்துறை நிலங்களில் நடக்க, மலையேற, பறவை பார்க்க விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையில் வார இறுதிகளில் பறவை பார்க்கப் போகும் ஒரு சிறு குழுவை ஒருங்கிணைத்து வருகிறேன். புதிதாகச் சேர்கிறவர்கள், அவர்களுடைய வீட்டார், கல்லூரிப் பிள்ளைகள் என எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டுக் காடுகளைப் பற்றியவை. கட்டணம், திறக்கும் நேரம் போன்றவை அடிக்கடி மாறும் என்பதால், கிளம்பும் முன் அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

காடு கவர்மென்ட்டோடது தானே? அப்போ நம்ம எல்லாருக்கும் சொந்தம். உள்ளே போக எதுக்கு பெர்மிஷன்?

எல்லாருக்கும் சொந்தம்தான், அதில் சந்தேகமே இல்லை. தமிழ்நாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்று மேல் அரசுப் பதிவேடுகளில் காடாக இருக்கிறது. அது எந்தத் தனியாருடையதும் அல்ல. ஆனால் ஊர்க் குடிநீர்த் தொட்டியும் பொதுச் சொத்துதான், அதற்காக யாரும் அதில் இறங்கிக் குளிப்பதில்லை. தாமிரபரணியும் பவானியும் வைகையும் இந்த மலைகளில்தான் பிறக்கின்றன. நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரே காட்டைப் பூட்டி வைப்பதற்குப் போதுமான காரணம். விலங்குகள் அதற்கு மேல்.

சட்டப்படி பார்த்தால், காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சட்டமே ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா ஆகியவற்றுக்கு அனுமதி தரலாம் என்றும் சொல்கிறது. ஆக, சட்டம் வரவே கூடாது என்று சொல்லவில்லை, கேட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறது.

காப்புக்காடு, சரணாலயம், நேஷனல் பார்க், டைகர் ரிசர்வ்... எல்லாம் ஒண்ணுதானா?

ஒன்றல்ல. காப்புக்காடு என்பது அடிப்படை நிலை, நம் மலைகளில் பெரும்பகுதி அதுதான். சரணாலயத்தில் கட்டுப்பாடு கூடும். தேசியப் பூங்காவில் இன்னும் கூடும், மேய்ச்சலுக்குக்கூட இடமில்லை. தமிழ்நாட்டில் கிண்டி, முதுமலை, ஆனைமலை, முக்குருத்தி, மன்னார் வளைகுடா என ஐந்து தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன.

புலிகள் காப்பகம் இவற்றின் மேல் போர்த்திய இன்னொரு அடுக்கு. களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், 2021இல் வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை என்று அதுவும் ஐந்து. ஒவ்வொன்றிலும் நடுவில் மையப்பகுதி, சுற்றிலும் வெளிவட்டம். மையப்பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக்கூடாது என்று தேசியப் புலிகள் காப்பக ஆணையம் 2012இல் வழிகாட்டுதல் கொடுத்தது. முதுமலையில் வனத்துறை வேன் எப்போதும் அதே சில பாதைகளில் மட்டும் சுற்றுவது ஏன் என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

அப்போ யாரையும் கேட்காம சும்மா போய் நடக்கிற மாதிரி இடமே கிடையாதா?

நிறைய இருக்கிறது, நாம்தான் போவதில்லை. சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரமாக நடைபாதையோடு ஒரு சுற்றுச்சூழல் பூங்கா 2021 முதல் இருக்கிறது. காலையில் பைனாகுலரோடு போனால் நீலத் தாழைக்கோழியைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு நேரத்தோடு போய்விடலாம். வேடந்தாங்கலில் வாசலில் சீட்டு வாங்கினால் போதும், நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். கோடியக்கரையில் வெளிமான்களைப் பார்க்கலாம். பிச்சாவரத்தில் படகில் போகலாம்.

என்னைக் கேட்டால் கூந்தன்குளத்தைத்தான் முதலில் சொல்வேன். திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரிப் பக்கம் இருக்கிற ஊர். அங்கே பறவைகள் குளத்தில் மட்டுமல்ல, வீட்டுக் கொல்லையில் இருக்கும் மரங்களிலும் கூடு கட்டும். சங்குவளை நாரைக் குஞ்சுகளின் சத்தமும் எச்ச நாற்றமும் மாதக்கணக்கில் இருக்கும். ஊர்க்காரர்கள் அதைப் பொறுத்துக்கொண்டே பல தலைமுறையாக வாழ்கிறார்கள். அதை ஒரு முறை பார்த்தவர்களுக்கு விதிகளை விளக்க எனக்கு அதிக நேரம் பிடித்ததில்லை.

ட்ரெக்கிங் போகணும். முறையா எங்கே புக் பண்றது?

வனத்துறையே நடத்தும் திட்டம் இருக்கிறது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தார்கள். தமிழ்நாடு வன அனுபவக் கழகம் என்ற வனத்துறை நிறுவனம் அதை நடத்துகிறது. இணையத்தில் பெயர், அடையாள அட்டை விவரம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். முதல் முறை போகிறவர்கள் தயவுசெய்து எளிதிலிருந்து தொடங்குங்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் குடியம் குகைகளுக்குப் போகும் பாதை, ஆதிமனிதன் வாழ்ந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரும் நடை. சென்னையிலிருந்து ஒரு நாளில் முடிந்துவிடும். கோவைப் பக்கம் என்றால், ஆனைமலையில் இருக்கும் டாப்சிலிப்பில் பண்டாரவரைப் பாதை நன்றாக இருக்கும்.

பட்டியலில் இல்லாத பாதைக்குப் போக நினைத்தால், அந்த வனக்கோட்ட அலுவலகத்தில் எழுதிக் கேட்க வேண்டும். ஆய்வு, கல்லூரிக் களப்பயணம் போன்ற காரணம் இருந்தால் கிடைக்கலாம். பொழுதுபோக்குக்கு என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும்.

ஒரு நாள் நடக்கிறதுக்கு இவ்வளவு காசா? மலை ஏறுறதுக்குக் கூட டிக்கெட்டா?

பாதையைப் பொறுத்துச் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை போகிறது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அது பெரிய தொகைதான். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கும் மலையடிவார ஊர்ப் பிள்ளைகளுக்கும் தனியாகக் குறைந்த கட்டணம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தன் ஊர் மலையை ஒரு தடவைகூட ஏறிப் பார்க்காத பிள்ளை வளர்ந்து அந்த மலைக்காகப் பேசும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதே சமயம், அந்தப் பணத்தில்தான் கூட வரும் வழிகாட்டிகளின் சம்பளம் இருக்கிறது. அவர்களில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்களும் அடிவாரக் கிராமத்தவர்களும். அவர்களுக்கு நிலையான வருமானம் கிடைப்பதை நான் வீண்செலவாக நினைக்கவில்லை. கட்டணம் கட்ட முடியாவிட்டால் மூன்றாவது பதிலில் சொன்ன இடங்களுக்குப் போங்கள். அங்கே செலவு பெரும்பாலும் பஸ் டிக்கெட்டோடும் வாசல் சீட்டோடும் முடிந்துவிடும்.

பிப்ரவரி, மார்ச்ல ஏன் மூடிடுறாங்க? அப்போதானே மழை இல்லாம, அட்டை இல்லாம நல்லா இருக்கும்?

மழை இல்லாததுதான் காரணம். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம். புல்வெளிகள் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடி அருகே குரங்கணியில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் இருபது, முப்பது வயதுக்காரர்கள், பெண்கள் நிறைய. அவர்கள் போன பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்பது பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் வந்தன. தீக்காலத்தில் பாதைகளை மூடுவது, வழிகாட்டி இல்லாமல் விடாதது, ஒரு குழுவில் எத்தனை பேர் என்று கணக்கு வைப்பது எல்லாம் வெறும் காகித வேலை என்று யாராவது சொன்னால், குரங்கணியை நினைவுபடுத்துங்கள்.

தீ பற்றி ஒன்று தெரிந்துகொள்வது நல்லது. சரிவில் தீ மேல்நோக்கி மிக வேகமாக ஏறும். கீழே எரியும் நெருப்பின் வெப்பம் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். மேல்நோக்கி ஓடுகிறவரைவிடத் தீ வேகமாக ஓடும். ஏற்கெனவே எரிந்து கருகிய இடம், பாறைப் பரப்பு, வனத்துறை செதுக்கி வைத்திருக்கும் தீத்தடுப்புக் கோடு, இவைதான் ஒதுங்க ஏற்ற இடங்கள். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள் கூட இருப்பது அதனால்தான் முக்கியம்.

சின்னதா ஒரு கேம்ப்ஃபயர், டீ போட மட்டும். அணைச்சுட்டுத்தானே வருவோம்?

வேண்டாம், எந்த மாதத்திலும். மேலே சொன்னதைப் படித்தவர்களுக்குக் காரணம் புரியும். சரணாலயத்துக்குள் தீ வைப்பதைச் சட்டம் தனியாகவே தடை செய்கிறது. பீடி, சிகரெட்டும் இதில் சேர்த்திதான். தேநீரைப் பிளாஸ்கில் கொண்டுபோங்கள்.

தீக்காலம்னு மூடுறாங்க. ஆனா அதே மாசத்துல வெள்ளியங்கிரிக்கு மட்டும் அவ்வளவு கூட்டம் போகுதே, அது எப்படி?

நியாயமான கேள்வி. வெள்ளியங்கிரி, சதுரகிரி போன்ற மலைகளுக்கு மக்கள் போவது வனச் சட்டங்கள் வருவதற்கு முன்பே தொடங்கிய வழக்கம். அதனால் கோயிலுக்குப் போகும் ஒரே பாதையை மட்டும் பருவ காலத்தில் திறந்துவிடுகிறார்கள். வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரை. அந்தப் பாதையை விட்டு இரண்டடி விலகினாலும் நீங்கள் அனுமதியில்லாமல் காட்டுக்குள் இருப்பவர்தான்.

கூட்டம் காட்டுக்குச் சுமையா என்றால், சுமைதான். பூண்டி அடிவாரத்தில் பைகளைச் சோதித்துப் பிளாஸ்டிக்கை வாங்கி வைக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி இருபது ரூபாய் வாங்கி, இறங்கும்போது பாட்டிலைக் காட்டினால் திருப்பித் தருகிறார்கள். எளிய ஏற்பாடு, வேலை செய்கிறது. ஏழாவது மலை வரை போய் ஸ்டிக்கர் கசங்கிய பாட்டிலை மறக்காமல் தூக்கிக்கொண்டு இறங்கும் வயதானவர்களைப் பார்க்கும்போது எனக்கு நம்பிக்கை வருகிறது. எல்லா மலைக்கோயில்களிலும் இது வர வேண்டும்.

இன்னொன்று, அந்த மலையில் விலங்கைவிட இதயம்தான் ஆபத்து. ஏறும் வழியில் மாரடைப்பில் இறப்பவர்களைப் பற்றி ஒவ்வொரு பருவத்திலும் செய்தி வருகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறாதீர்கள். நேர்த்திக்கடனை அடிவாரக் கோயிலிலும் செலுத்தலாம்.

எங்க ஊர்லயே ஒருத்தர் இருக்கார், ரூட் எல்லாம் தெரியும், கூட்டிட்டுப் போறேன்னு சொல்றார். போலாமா?

அவர் பெயர் வனத்துறைப் பட்டியலில் இருக்கிறதா, உங்கள் கையில் அனுமதிச் சீட்டு வருமா என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் போகாதீர்கள். வழி தெரிந்திருப்பது வேறு. இன்று காலை அந்த ஓடைப் பக்கம் யானைக் கூட்டம் இருக்கிறது என்ற தகவல் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்குத்தான் முதலில் வரும். அவர்களுக்குத் தெரியாமல் உள்ளே போகிறவருக்கு அந்தத் தகவல் வராது. 2020 ஜனவரியில் கோவை பெரியநாயக்கன்பாளையம் அருகே பாலமலைப் பக்கம் அனுமதியில்லாமல் நடக்கப் போன குழுவில் ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். அது எங்கள் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை போய்வரும் தூரம்தான்.

யானை எதிரே வந்தா என்ன பண்றது?

எதிரே வராமல் பார்த்துக்கொள்வதில்தான் முக்கால்வாசி இருக்கிறது. பேச்சைக் குறைத்தால் காது வேலை செய்யும். மூங்கில் படபடவென்று முறியும் சத்தம், ஈரம் காயாத சாணம், தண்ணீர் ஓரத்தில் புதிதாகப் பதிந்த தடம், தொழுவ வாடை மாதிரி ஒரு வாடை, இவற்றில் எது கிடைத்தாலும் வழிகாட்டி நின்றுவிடுவார். கவனித்துப் பாருங்கள், குனிந்து ஒரு பிடி மண் எடுத்து மெதுவாக விடுவார். தூசி எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். காற்று நம்மிடமிருந்து யானைப் பக்கம் போனால் நம் வாசனை அதற்குப் போய்விடும். சரி, திரும்பலாம் என்று சொல்வார். ஆனைமலையில் காடர்கள், மலசர்கள், இந்தப் பக்கம் இருளர்கள் என்று யாரோடு போனாலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

பார்த்துவிட்டால்? செல்போனை எடுக்காதீர்கள். கத்தாதீர்கள். கல் எறியாதீர்கள். முகத்தைத் திருப்பாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள், இடையில் பெரிய மரமோ பாறையோ வரும்படி. காதை விரித்து அசையாமல் நின்று உங்களையே பார்த்தால் அது எச்சரிக்கை. குட்டியோடு இருக்கும் தாய், மதம் வழியும் ஆண், இரண்டு பேரிடமும் இன்னும் தூரம் வேண்டும். துரத்தினால் பையைப் போட்டுவிட்டு ஓடத்தான் வேண்டும். ஆனால் யானையைவிட வேகமாக ஓடிவிடலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

நாங்க ட்ரெக்கிங் எல்லாம் போறதில்ல. ரோட்டுல கார்லதான் போறோம். எங்களுக்கு என்ன ரூல்ஸ்?

சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, இரண்டு பக்கமும் காடு. நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, ஹார்ன் அடிக்கக் கூடாது. இரவு நேரத் தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதுமலை தாண்டிப் பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் சாலையில் 2022 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கனரக வண்டிகளுக்கு மாலை 6 மணியிலிருந்தே தடை, கார்களுக்கு இரவு 9 மணியிலிருந்து. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்.

யானை சாலையில் நின்றால் மற்றவர்கள் முந்திப் போகிறார்களே என்று நீங்களும் போகாதீர்கள். 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் மற்ற வண்டிகள் எல்லாம் ஒதுங்கி நிற்க, பைக்கில் கடந்துபோக முயன்ற ஒரு வெளிநாட்டுப் பயணி யானை தாக்கி இறந்தார்.

பாவம் குரங்கு, பசியோட உட்கார்ந்திருக்கு. ஒரு பிஸ்கட் போட்டா என்ன?

பசியோடு உட்காரவில்லை, உங்கள் காருக்காகக் காத்திருக்கிறது. பிஸ்கட் கிடைக்கும் என்று பழகிய குரங்கு சாலையை விட்டுப் போகாது, அடுத்த வண்டியில் அடிபடும். வால்பாறை அருகே புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் இப்படி அடிபட்டிருக்கின்றன. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் இனம் அது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் வளைவுகளில் வரையாடுகள் சாலையோரம் பயமில்லாமல் நிற்கும். நம் மாநில விலங்கு. சில ஆண்டுகளுக்கு முன் அதன் கொம்பைப் பிடித்துப் போட்டோ எடுத்தவர்கள் கைதானார்கள்.

தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கும் இதே கணக்குதான். 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்த பெண் யானையின் உடற்கூறாய்வில் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் இருந்தது. கருவில் குட்டியும் இருந்தது. தயிர்சாதப் பொட்டலத்தின் உப்பு ஒட்டிய கவரை யானையால் உதறிப் பிரிக்க முடியாது, அப்படியே விழுங்கும். மது பாட்டில் உடைந்தால் கண்ணாடித் துண்டு யானையின் பாதத்தில் ஏறிப் புண்ணாகும். அதனால்தான் நீலகிரியில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற திட்டம் நீதிமன்றம் சொல்லி 2022இல் வந்தது.

அருவியில குளிக்கவாவது விடுவாங்களா? நல்ல வெயில் நேரத்துலயும் திடீர்னு தடைனு போர்டு வைக்கிறாங்க.

விடும் இடங்கள் உண்டு. கும்பக்கரை, சுருளி, மணிமுத்தாறு என்று பல. ஆனால் நீங்கள் நிற்கும் இடத்து வெயிலை வைத்து முடிவு செய்யக் கூடாது. மேலே பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை கொஞ்ச நேரத்தில் கீழே வந்து இறங்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு பதினேழு வயதுப் பையனை அடித்துச் சென்றது. தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, சத்தம் மாறினாலோ, துண்டு செருப்பைத் தேடாமல் கரை ஏறிவிடுங்கள். ஓடையைக் கடந்து போகும் சதுரகிரிப் பாதைக்கும் இது பொருந்தும்.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

கேமரா, ட்ரோன், நாய்க்குட்டி... எது எதுக்கு அனுமதி?

கைக்கேமரா பெரும்பாலும் எடுத்துப் போகலாம், சில இடங்களில் தனிக் கட்டணம். பறவைக் கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். செல்போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பதும் வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் அந்தக் குரல் அதற்கு ஓர் எதிரியின் குரல், குஞ்சுகளுக்கு இரை தேடுவதை விட்டுவிட்டு உங்களைச் சுற்றிப் பறக்கும். எங்கள் குழுவில் இதை அனுமதிப்பதே இல்லை. ட்ரோனை அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. ஒரு கொக்குக் கூட்டம் பயந்து எழும்பினால் முட்டைகள் வெயிலில் கிடக்கும், காகம் வந்துவிடும்.

நாயை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். நாயிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பரும் செந்நாய், நரி போன்றவற்றுக்குப் பரவும். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை என்பதையும் யோசியுங்கள்.

வழியில மான்கொம்பு கிடந்துச்சு. கொன்னு எடுக்கலையே, கீழே விழுந்ததுதானே?

எடுக்கக் கூடாது. தானாக உதிர்ந்த கொம்பாக இருந்தாலும் அது சட்டப்படி அரசின் சொத்து. வைத்திருப்பதே குற்றம். கொம்பு உதிர்ந்ததா வெட்டியதா என்று செக்போஸ்ட்டில் நிரூபிப்பது உங்கள் பாடாகிவிடும். வனவிலங்குச் சட்ட மீறல்கள் பலவற்றுக்கு 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். முள்ளம்பன்றிகளும் எலிகளும் அந்தக் கொம்பைக் கடித்துத்தான் சுண்ணாம்புச் சத்து எடுத்துக்கொள்கின்றன. அது அங்கேயே கிடக்கட்டும், வழிகாட்டியிடம் மட்டும் சொல்லுங்கள்.

மசினகுடி பக்கம் ரிசார்ட்ல நைட் சஃபாரி கூட்டிட்டுப் போறதா சொல்றாங்க. பணம் கட்டிட்டோம். போலாம்ல?

முன்பணம் போனாலும் பரவாயில்லை, போகாதீர்கள். முதுமலையில் வாகனச் சவாரியை வனத்துறை மட்டுமே, பகலில் மட்டுமே நடத்துகிறது. தனியார் ஜீப்பில் இரவில் ஸ்பாட் லைட் அடித்துக்கொண்டு சுற்றுவது எந்தப் பெயரில் விற்றாலும் சட்டவிரோதம். பிடிபட்டால் ஓட்டுநர் மட்டுமல்ல, உட்கார்ந்திருப்பவர்களும் அபராதம் கட்ட வேண்டும்.

அந்தப் பகுதியின் கதை தெரிந்தால் பணம் போன வருத்தம் குறையும். மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமி கிழக்கு, மேற்குத் தொடர்ச்சி மலைகளின் யானைகள் வந்துபோகும் குறுகலான வழித்தடம். அதில் எழுந்த விடுதிகளைப் பற்றிய வழக்கில், வழித்தடத்தைப் பாதுகாக்கும் அரசின் அறிவிப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அடுத்த சில மாதங்களில், 2021 ஜனவரியில், விடுதி ஒன்றின் பக்கம் வந்த யானையின் மேல் எரியும் பொருளை எறிந்தார்கள். காதில் பட்டு எரிந்தபடியே அது ஓடிய வீடியோவை நாடே பார்த்தது. அந்த யானை பிழைக்கவில்லை. தங்க வேண்டும் என்றால் முதுமலைக்குள் தெப்பக்காட்டில் வனத்துறை விடுதிகள் இருக்கின்றன. இடம் கிடைக்கவில்லை என்றால் கூடலூரிலோ ஊட்டியிலோ தங்கிவிட்டுக் காலையில் வரலாம்.

அம்மாவுக்கு முட்டி வலி, பையனுக்கு ஆறு வயசு. எங்களுக்கு ஏத்த இடம் சொல்லுங்க.

மூன்றாவது பதிலில் சொன்ன இடங்கள் எல்லாமே பொருந்தும். வேடந்தாங்கலில் கரை நெடுக நடக்கலாம், உட்காரலாம், கோபுரம் ஏற வேண்டிய கட்டாயமில்லை. மலைதான் வேண்டும் என்றால் டாப்சிலிப், சேத்துமடை செக்போஸ்ட் வழியாகப் போய் வனத்துறை வேனில் சுற்றலாம். முதுமலையின் தெப்பக்காடு, டாப்சிலிப் பக்கத்துக் கோழிகமுத்தி யானை முகாம்களில் யானைக்கு ராகிக் களி, சோற்று உருண்டை ஊட்டும் நேரத்தில் போனால் சிறுவர்களுக்கு நாள் முழுவதும் அதே பேச்சுதான். கொடைக்கானலில் பேரிஜம் ஏரிக்கு அன்றன்று குறைந்த அளவு வண்டிகளுக்கே சீட்டு, காலையிலேயே வனத்துறை அலுவலகம் போய்விட வேண்டும். அது பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி, இறங்கக் கூடாது.

பழங்குடி மக்களை வெளியே போகச் சொல்றாங்க, டூரிஸ்ட்ட காசு வாங்கிட்டு உள்ளே விடுறாங்க. இது நியாயமா?

இப்படி நடந்த இடங்களில் நியாயமில்லை. சட்டமும் அதை ஏற்கவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் பழங்குடியினருக்கு நிலத்தின் மீதும், தேன், நெல்லிக்காய், கிழங்கு போன்ற சிறுவன மகசூலின் மீதும் உரிமை இருப்பதை ஒப்புக்கொள்கிறது. கிராமசபையின் சம்மதம் இல்லாமல் இடம் மாற்றக் கூடாது. தமிழ்நாட்டில் அந்த உரிமை கைக்கு வருவது மிகவும் தாமதமானது. 2019 ஆகஸ்டில் மண்சரிவில் வீடுகளை இழந்த வால்பாறை கல்லார்குடி காடர்கள், தங்கள் பழைய இடத்துக்குப் பக்கத்தில் தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டுத் திரும்பத் திரும்பப் போராடித்தான் பட்டா வாங்கினார்கள். நமக்கோ இணையத்தில் பத்து நிமிடத்தில் சீட்டு கிடைக்கிறது. இந்த வித்தியாசம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஆகையால் நாம் போகும்போது செய்யக்கூடியது இது. செட்டில்மென்ட் என்று சொல்லும் குடியிருப்புகள் அவர்களுடைய வீடு, பாதையில் வருகிறது என்பதற்காக உள்ளே புகுந்து படம் எடுக்காதீர்கள். முதலில் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வழிகாட்டியை 'டேய், வாடா' என்று கூப்பிடும் பழக்கத்தைச் சிலரிடம் பார்க்கிறேன். உங்கள் உயிர் அவர் கையில் இருக்கும் இடத்தில் அவரை அண்ணா என்றோ தம்பி என்றோ கூப்பிடுங்கள். தேன், மிளகு, காப்பி வாங்க நினைத்தால் அவர்களுடைய குழுக்கள் நடத்தும் கடைகளிலேயே வாங்குங்கள். அது எங்கே இருக்கிறது என்று அவரே சொல்வார்.